கோலமும் உடையும்: பால்மாற்றத்தின் தொடக்கநிலை ஆடையணி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினின்று தாம் உணரும் பாலுக்குப் பெயர்வோர் பெரும்பாலும் ஒரே நாளில் உடை மாற்றிக்கொள்வதில்லை. காதில் ஒரு சிறு கடுக்கன், வெட்டாமல் விட்ட முடி, கண்ணோரம் மெல்லிய மை, ஆண்பெண் இருவரும் உடுக்கும் குர்தா, செதுக்கிய புருவம், நிறமற்ற நகப்பூச்சு என ஒவ்வொன்றாகவே தொடங்குகின்றனர். ஆணுடைக்கும் பெண்ணுடைக்கும் இடைப்பட்ட இந்நிலை சிலருக்குச் சில மாதங்களில் முடிகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. சிலர் அதனையே தம் நிலையாகக் கொள்கின்றனர். திருநங்கையரையும் திருநம்பியரையும் பற்றிய ஆய்வுகள் அறுவை மருத்துவம், சமூக அமைப்பு, சட்ட உரிமை ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. ஆயின் இவ்விடைநிலை ஆடையணிக்கென ஒரு வரலாறு உண்டா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. இலக்கணம், காப்பியம், நாடகமேடை, சட்டம், தன்வரலாறு ஆகிய ஐவகைச் சான்றுகளைக் கொண்டு அவ்வினாவுக்கு விடைகாண இக்கட்டுரை முயல்கிறது.

இலக்கணம் கண்ட விருப்பம்

தமிழ் இலக்கண மரபு இப்பொருளை மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், ஆண்மை திரிந்த பெயர்களை உயர்திணைக்குள் வைத்தே பேசுகிறது. அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைப் பால்களின் ஈறுகளையே அவை கொள்ளும் என்றும், ஆண்பால் ஈறு அவற்றுக்குப் பொருந்தாது என்றும் அது வரையறுக்கிறது. இவர்கள் மக்களா அல்லரா என்பது தொல்காப்பியர்க்கு வினாவாகவே இல்லை. எந்த ஈற்றால் சுட்டுவது என்பதே அவர் கருதிய சிக்கல்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இன்னும் ஒரு படி மேற்செல்கிறார். பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் அவர் அடக்குகிறார். இங்கு அவாவுதல் என்னும் வினை கருதத்தக்கது. உடலின் உறுப்பையோ பிறப்பின் குறியையோ அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒருவர் எதனை விட்டு எதனை விரும்புகிறார் என்பதையே கொண்டார். மேலும், இன்று திருநம்பியர் எனப்படுவோர்க்கும் திருநங்கையர் எனப்படுவோர்க்கும் அந்நூற்பா சமமான இடம் தருகிறது. இவ்விரு சாராரும் அஃறிணை போன்றும் வருவர் என்று அதே நூற்பா கூட்டிச் சொல்வதையும் மறைத்தற்கில்லை. ஏற்பும் விலக்கும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து நிற்பது இம்மரபின் உண்மைநிலையை நன்கு காட்டுகிறது.

இலக்கணம் இவ்வாறிருக்க, அறநூல்களின் போக்கு வேறு. அவைக்கு அஞ்சுவோன் கற்ற நூலுக்குப் பேடி கை வாளைத் திருக்குறள் உவமையாக்குகிறது. பிறர்மனை நயந்தவர் மறுபிறப்பில் அலியராய் ஆடி உண்பர் என நாலடியார் கூறுகிறது. பேடி என்னும் சொல் கோழையைக் குறிக்கும் வசையாக இன்று நிற்பதற்கு வேர் இங்கு உள்ளது. எனவே பண்டைத் தமிழகம் இவர்களை முற்றும் போற்றியது எனக் கொள்வதும் முற்றும் ஒதுக்கியது எனக் கொள்வதும் பொருந்தா.

தாடியும் தோடும்

ஆடையணி குறித்த நேர்ச்சான்று காப்பியங்களில் கிடைக்கிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடலுள் ஒன்று பேடி ஆடல். காமன் ஆண்மை திரிந்த பெண்மைக் கோலம் பூண்டு ஆடியது அது. இக்கூத்தினை மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை இன்னும் நுணுக்கமாகக் காட்டுகிறது. மணிமேகலையும் சுதமதியும் செல்லும் புகார்த் தெருவில் மக்கள் திரண்டு இக்கூத்தைக் காண்கின்றனர். ஆடுவோர்க்குச் சுருண்ட தாடி உண்டு. பூச்சூடிய கூந்தலும் உண்டு. சிவந்த வாய், வரி படர்ந்த நெடுங்கண், காதில் வெண்தோடு, பெண்மை காட்டும் மார்பும் இடையும், அவற்றோடு முழந்தாளளவாக உடுக்கும் வட்டுடை, உடலில் எழுதிய வரிக்கோலம் எனச் சாத்தனார் ஒவ்வொன்றாக அடுக்குகிறார்.

இவ்வருணனையில் தாடி மறைக்கப்படவில்லை என்பது முதன்மையானது. பெண்ணாகவே தோன்றி ஏமாற்றுதல் அக்கோலத்தின் நோக்கமன்று. ஆண்குறிப்பும் பெண்குறிப்பும் ஓர் உடலில் ஒருங்கே தெரிய நிற்றலே அதன் நோக்கம். அதனைக் காண்போர் கல்லெறிந்ததாகவோ எள்ளியதாகவோ காப்பியம் கூறவில்லை. நகரின் பிற காட்சிகளோடு ஒன்றாகவே அது இடம்பெறுகிறது. எனினும் அது கூத்துக்கோலம். கூத்து முடிந்தபின் அவர் எவ்வுடையில் வீடு சென்றார் என்பதற்குக் காப்பியத்தில் விடையில்லை.

சமயத் தளத்திலும் இவ்விணைப்பு காணப்படுகிறது. உமையொருபாகனின் திருவுருவில் ஒரு செவியில் குழையும் மறுசெவியில் தோடும், ஒரு பாதியில் தோலும் மறுபாதியில் துகிலும் அமைதலைத் திருவாசகத்தின் திருக்கோத்தும்பி இணையிணையாகப் பாடுகிறது. இறைவனிடத்து வழிபாட்டுக்குரியதான இக்கலப்பு மனிதரிடத்து எப்போது குற்றமாயிற்று என்பதே அடுத்து ஆராய வேண்டுவது.

பொது அணிகள் பெண்ணணிகளான வரலாறு

பண்டைத் தமிழ் ஆடவர் பூச்சூடினர். வெட்சி, கரந்தை எனப் புறத்திணைகளின் பெயர்களே ஆடவர் சூடிய பூக்களின் பெயர்கள். மூவேந்தர்க்கும் பனை, ஆத்தி, வேம்பு என அடையாளப் பூக்கள் இருந்தன. சாந்து பூசுதல், மாலை அணிதல், குழை அணிதல் ஆகியவை இருபாலர்க்கும் பொதுவாயிருந்தன. காலணியில்தான் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது: வீரனுக்குக் கழல், பெண்ணுக்குச் சிலம்பு.

இப்பொதுமை மிக அண்மைக் காலம் வரை நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் தமிழ் ஆடவர் பலர் காதில் கடுக்கனும் தலையில் குடுமியும் உடையவராயிருந்தனர். ஆங்கிலக் கல்வியும் அலுவலகப் பணியும் கடல்கடந்த பயணமும் இந்நிலையை மாற்றின. கணித மேதை சீனிவாச இராமானுசன் 1914ஆம் ஆண்டு இங்கிலாந்து செல்லுமுன் குடுமியை நீக்கி மேலைநாட்டு உடை பூண நேர்ந்தது பலரும் அறிந்த செய்தி. கிராப்பும் சட்டையும் நாகரிகத்தின் அடையாளமாயின. கடுக்கன், நீண்ட முடி, பூ, மை ஆகியவை ஆடவரிடமிருந்து மெல்ல விலகிப் பெண்ணுக்கே உரியனவாக எஞ்சின.

இம்மாற்றம் நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. இன்று பெண்மையை நோக்கிப் பெயரும் ஒருவர் முதலில் எடுத்துக்கொள்ளும் அணிகளைப் பட்டியலிட்டால், அவற்றுட் பல நூறாண்டுக்கு முன் எந்த ஆடவரும் ஐயத்துக்கு இடமின்றி அணிந்தவையே என்பது புலனாகும். நீண்ட முடியும் காதணியும் அன்று எவ்விளக்கமும் வேண்டாதவை. இன்று வீட்டாரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியவை. இடைநிலை ஆடையணி புதிதாகத் தோன்றிய விந்தையன்று. பொதுவாயிருந்த வெளி சுருங்கியபோது அதில் எஞ்சி நின்றோர் கண்ணுக்குப் புலப்பட்டனர் என்பதே பொருத்தம்.

வேடத்துக்குக் கிடைத்த இசைவு

சுருங்கிய அவ்வெளியிலும் ஒருவகை இசைவு தொடர்ந்தது. அது வேடத்துக்குக் கிடைத்த இசைவு. தெருக்கூத்தில் ஆடவரே பெண்வேடம் தரித்தனர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வளர்த்த சிறுவர் நாடகக் குழுக்களில் சிறுவர் பெண்பாத்திரம் ஏற்றனர். ‘ஸ்திரீபார்ட்’ என்னும் தனித்தகுதியே அவ்வாறு உருவாயிற்று. சென்னையில் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்த நடுத்தர வகுப்பினரும் பெண்வேடம் பூண்டனர். பம்மல் சம்பந்த முதலியாரோடு பெண்பாத்திரங்களில் நடித்துப் புகழ்பெற்றவர் ரங்கவடிவேலு. மராத்தி மேடையில் பாலகந்தர்வரும் குசராத்தி மேடையில் செயசங்கர் சுந்தரியும் உடுத்திய முறையைக் குடும்பப் பெண்களே பின்பற்றினர் என்பது நாடக வரலாற்றில் பதிவாகியுள்ளது.

கோயில் விழாக்களும் இவ்விசைவை வழங்கின. கேரளத்தில் கொல்லம் மாவட்டம் சவறையை அடுத்த கொட்டங்குளங்கரைத் தேவி கோயிலில் மீனமாதம் நடைபெறும் சமயவிளக்கு விழாவில் ஆடவர் பெண்ணுடையும் ஒப்பனையும் பூண்டு விளக்கேந்தி வழிபடுகின்றனர். கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளுடை உடுக்கின்றனர். மணப்பெண்ணின் பட்டிலிருந்து கைம்பெண்ணின் வெண்மைக்கு இரு நாளில் நிகழும் அப்பெயர்ச்சியில் உடையே சடங்கின் மொழியாகிறது.

மகாபாரதத்தின் விராட பருவத்தில் அருச்சுனன் பிருகந்நளையாகும்போது வில்நாண் உராய்ந்த வடுக்களை வளையல்களால் மறைக்கிறான். அங்கு வளையல் மறைப்பதற்குரிய பொருள். தன்னைப் பெண்ணாக உணரும் ஒருவர்க்கு அதே வளையல் வெளிப்படுத்துவதற்குரிய பொருள். கூத்துமேடைக்கு முன் அமர்ந்திருப்போர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இவ்வொற்றுமையே பலர்க்குப் புகலிடமாயிற்று. அ. ரேவதி தம் தன்வரலாற்றில், இளமையில் ஊர் மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேடம் பூண்டதைப் பதிவு செய்கிறார். ஊரார் அதனை வேடமென்று கண்டனர்; அவர்க்கோ அது தம் இயல்பாயிருந்தது. வேடம் விழாவோடு கலையும். கலைக்க விரும்பாதபோதுதான் அது உடையாகிறது. இடரும் அங்கேதான் தொடங்குகிறது.

சட்டத்தின் கண்ணில் ஓர் அணிகலன்

வேடத்தை விட்ட சமூகம் உடையைத் தண்டிக்கத் தொடங்கியதற்குச் சட்டச் சான்று உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் குற்றப் பரம்பரையினரெனச் சில குலங்களைப் பதிவு செய்ததைத் தமிழ் ஆய்வுலகம் நன்கறியும். அதன் இரண்டாம் பகுதி ‘அலிகள்’ எனக் குறிக்கப்பட்டோரைப் பதிவு செய்யும் பகுதி என்பது அந்த அளவு கவனம் பெறவில்லை. பதிவு செய்யப்பட்ட ஒருவர் பெண்போல உடுத்தோ அணிபூண்டோ பொதுத்தெருவில் தோன்றினாலும், தெருவிலிருந்து காணப்படும் எண்ணத்தோடு வேறிடத்தில் தோன்றினாலும், பொதுவிடத்தில் ஆடினாலும் இசைத்தாலும் ஆணையின்றிக் கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறையோ தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். தொடக்கத்தில் வடமேற்கு மாகாணங்கள், அவத், பஞ்சாபு ஆகிய பகுதிகளில் இது நடைமுறையாயிற்று.

இங்கு ‘உடுத்தோ அணிபூண்டோ’ என்னும் பிரிப்பு நுணுகி நோக்கத்தக்கது. முழுப் பெண்ணுடை வேண்டியதில்லை. அணிகலன் மட்டுமே போதும். ஆணுடையில் நின்றுகொண்டே ஒரு தோடோ வளையலோ அணிந்தவரும் அச்சட்டத்தின் பிடிக்குள் வந்துவிடுவர். இடைநிலை ஆடையணியையே அது குறிவைத்தது எனலாம். ஆணுடை உடுக்கும் பெண்பிறப்பினரைப் பற்றி அப்பகுதி வாய்திறக்கவில்லை என்பதும் கருதற்குரியது. பவணந்தியார் இருசாராரையும் கண்டார். 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒருசாராரை மட்டுமே அஞ்சியது.

1884ஆம் ஆண்டு அலகாபாது உயர்நீதிமன்றத்தில் நடந்த கைராதி வழக்கும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பெண்ணுடையில் பெண்களிடையே பாடிய கைராதி கைது செய்யப்பட்டு, உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின்கீழ்த் தண்டிக்கப்பட்டார். குற்றம் நிகழ்ந்த காலமோ இடமோ தொடர்புடையவரோ குறிக்கப்படாமையால் உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ஐயத்துக்குத் தோற்றுவாய் அவர் உடுத்திய உடையே.

ஐதராபாது நிசாம் ஆட்சியில் பசலி 1329இல், அதாவது 1919இல், இதையொத்த தனிச்சட்டம் இயற்றப்பட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952க்குள் நாடெங்கும் நீக்கப்பட்ட பின்னரும் ஐதராபாதுச் சட்டம் ஏட்டில் நீடித்தது. தெலங்கானா உயர்நீதிமன்றம் அதனை அரசமைப்புக்கு முரணானதென 2023ஆம் ஆண்டு சூலையில்தான் அறிவித்தது. அதுவரை பதிவேட்டில் உள்ள ஒருவர் பெண்ணணி பூண்டு தெருவில் நிற்பதைக் குற்றமாக்கும் வாசகம் இந்திய நாட்டின் ஒரு பகுதியில் நூறாண்டுக்கு மேல் இருந்துவந்தது.

உடை என்னும் தேர்வு

சட்டத்துக்கு அடுத்து மருத்துவமும் உடையை அளவுகோலாக்கியது. 1979 முதல் வெளிவந்த பன்னாட்டு மருத்துவ நெறிமுறைகள், அறுவைக்கு முன் ஒருவர் தாம் விரும்பும் பாலினராகக் குறிப்பிட்ட காலம் வெளிப்படையாக வாழ்ந்து காட்டவேண்டும் என்றன. 2022ஆம் ஆண்டின் எட்டாம் பதிப்பில் அந்நிபந்தனை கைவிடப்பட்டது. முற்பதிப்புகளின் நோக்கில் தயக்கத்தோடு இடைநிலையில் உடுப்பவர் இன்னும் உறுதிபெறாதவர். தெருவில் அடிபடாமல் வீடு சேர்வதற்காக ஒருவர் மேற்கொள்ளும் முன்னெச்சரிக்கை, அவர் உள்ளத்தின் ஐயமாகப் படிக்கப்பட்டது.

திருநங்கையர் சமூகத்துக்குள்ளும் உடை ஓர் எல்லைக்கோடாய் இருந்துவந்துள்ளது. ஐதராபாதில் கள ஆய்வு செய்து 2005ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட காயத்திரி ரெட்டி, சேலை உடுப்போர்க்கும் ஆணுடையில் இருந்துகொண்டே பெண்மை உணர்வோர்க்கும் அச்சமூகம் தனித்தனிப் பெயர்கள் வழங்குவதைக் காட்டுகிறார். பெண்ணுடை ‘சாட்லா’ எனப்படும். ஆணுடையினர் ‘கடாசாட்லா’ எனப்படுவர். இடைநிலைக்குப் பெயரிட்டு அதனை ஒரு நிலையாக ஏற்ற மொழி அச்சமூகத்துக்குள் இருந்தது என்பது இதனால் தெளிவாகிறது. ஆயினும் அப்பெயர் மதிப்பின் படிநிலையையும் உடன்கொண்டிருந்தது.

தமிழ்ப் படைப்புலகில் சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ (1994) இப்பெயர்ச்சியைப் புதினமாக்கியது. ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ (2005), லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ (2007), ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011) ஆகியவை திருநங்கையரின் சொந்தக் குரலில் அதனைப் பதிவு செய்தன. ஏறத்தாழப் பதினைந்தாண்டு இடைவெளிக்குள், பிறர் கண்டு எழுதும் பொருளாயிருந்த உடை, உடுத்தவரே பேசும் பொருளாயிற்று.

2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் தேசியச் சட்டப்பணிகள் ஆணைய வழக்கில் வழங்கிய தீர்ப்பு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஒருவர் தம் பாலினத்தை உடை, சொல், செயல், நடத்தை ஆகியவற்றால் வெளிப்படுத்துதல் அரசமைப்பின் 19ஆம் உறுப்பு தரும் கருத்துரிமையின் பகுதி என அது கூறியது. பாலின அடையாளத்துக்கு அறுவையை நிபந்தனையாக்குதல் கூடாது என்றும் அது வலியுறுத்தியது. உடையும் ஒரு கூற்று என நீதிமன்றம் ஏற்றதால், முற்றுப்பெறாத கூற்றுக்கும் அதே காப்பு உண்டு என்பது அதன்வழிப் பெறப்படும். முழுச் சேலைக்கு உள்ள உரிமை ஒற்றைத் தோட்டுக்கு இல்லையெனக் கூற இயலாது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கும்போது சில முடிவுகள் புலனாகின்றன. நன்னூல் அவாவுதலை அளவாகக் கொண்டது. அதற்கு உடை தேவைப்படவில்லை. மணிமேகலை தாடியையும் தோட்டையும் ஒருங்கே காட்டியது; ஆயின் கூத்தின் எல்லைக்குள் நிறுத்தியது. இருபாலர்க்கும் பொதுவாயிருந்த அணிகள் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்னர் ஆடவரை விட்டு நீங்கியமையால் இடைநிலைக் கோலம் கண்ணை உறுத்துவதாயிற்று. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. பின்வந்த மருத்துவம் அதனைத் தேர்வாக்கியது. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதனைக் கூற்றாக ஏற்றது.

இவை அனைத்துக்கும் பின்னும் ஒரு நடைமுறை வினா எஞ்சுகிறது. நீதிமன்றம் தந்த உரிமை ஏட்டில் உள்ளது. ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை எனப் பிரித்த விடுதியிலும் சீருடை விதித்த கல்லூரியிலும் இடைநிலைக்கு இன்னும் வரிசையில்லை. காதில் கடுக்கனோடும் தோள்வரை வளர்ந்த முடியோடும் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் தம்மை இன்னாரென்று இன்னும் அறிவிக்காதிருக்கலாம். அறிவிக்கும் கடமையும் அவர்க்கில்லை. அவரது கோலத்தை முடிவாகக் கொண்டு பெயரிடவோ, வேடமெனக் கொண்டு நகைக்கவோ கற்பிப்போர்க்கு உரிமையில்லை. எந்த ஈற்றால் தம்மைச் சுட்டவேண்டும் என்பதை அவரே கூறும்வரை காத்திருத்தல் தமிழ் இலக்கணத்துக்கு அயலானதன்று. விட்டதும் அவாவியதும் அறிந்தபின் பால் கூறுதலே பவணந்தியார் காட்டிய முறை.